கமாண்டர் கேட்ட திருத்தம்

காப்பி வேண்டாம் சார். காலையில் ஒன்றுக்கு மேல் குடித்தால் எனக்கு நெஞ்சு எரியும்.

கமாண்டர் யேசுதாஸின் வாழ்க்கை வரலாற்றை எழுத எனக்கு ஒன்பது வருஷம் ஆனது. ஞாயிறுதோறும் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஐயம்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போவேன். கூலிக்கார வீட்டில் பிறந்து, எழுபத்தொன்றில் நடந்த பாகிஸ்தான் போரில் ஒரு போர்க்கப்பலையே நடத்தி, பதக்கம் வாங்கியவர். ஆனால் சொல்ல உட்கார்ந்தால் உயிரை வாங்குவார். போன வாரம் சொன்னதை இந்த வாரம் அடிக்கச் சொல்வார். எத்தனை தடவைதான் எழுதுவது? எனக்கு அலுத்துப் போயிற்று.

என் அண்ணன் கந்தன் அந்தக் கப்பலில் மாலுமி. பீரங்கியை விட்டு நகராமல் குண்டு பட்டுச் செத்தான் என்று கமாண்டர் அப்போது எங்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதியிருந்தார். அதை வைத்துத்தான் முதல் அத்தியாயம் எழுதினேன். கையெழுத்துப் பிரதியைப் படித்தவர்கள் எல்லாரும் அழுதார்கள்.

வெளியீட்டு விழாவுக்கு மூன்று நாள் முன்பு, அச்சான புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதுவரை அவரிடம் காட்டாமலே வைத்திருந்த முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு மூடி வைத்தார்.

"குமாரவேலு, கந்தன் பீரங்கிகிட்ட சாவலப்பா. தண்ணியில விழுந்துட்டான். உயிரோட கைய ஆட்டிக்கினு இருந்தான். எதிரி நீர்மூழ்கி சுத்திக்கினு இருக்குதுன்னு நான்தான் கப்பலத் திருப்பிட்டேன். மேடையில சொல்லிடப் போறேன்."

நான் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. இழை அறுந்தால் முடிச்சை உள்பக்கம் தள்ளிவிடுவோம், கட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது என்று பொறுமையாகத்தான் சொன்னேன்.

"இது சேல இல்லப்பா," என்றார்.

பேசிய படபடப்பில் அவருக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை மேஜைமேல் இருந்தது. அதைக் காட்டிக் கை நீட்டினார். நான் எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். என்னைச் சோதனை போட்டபோது அங்கிருந்துதான் நீங்களும் எடுத்தீர்கள். பிறகு சும்மா இருக்க முடியாமல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவர் அடங்க இருபது நிமிஷம் ஆனது. அதற்குள் இரண்டு எழுத்துப் பிழை கண்ணில் பட்டது. அது இன்னும் உறுத்துகிறது.

அண்ணனுக்காகப் பழிவாங்கினேன் என்று என் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள். கமாண்டர்மேல் எனக்கு வருத்தமே கிடையாது. கப்பலில் இருநூறு பேர் இருந்தார்கள், அவர் திருப்பியதுதான் சரி.

ஆயிரம் பிரதி அச்சாகிவிட்டது சார். அண்ணன் அதில் எவ்வளவு அழகாகச் சாகிறான் தெரியுமா?