குங்குமக் கடையில் ஒரு வேதியியல் நிருபர்

வேதியியல் மன்ற விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் பேராசிரியர் கோதண்டராமன் அவர்களே, வெயிலைப் பொருட்படுத்தாமல் வேங்கிக்காலிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளின் படிப்புக்காகப் பேச்சாளர்களையும் பொறுத்துக்கொள்ளும் தாய்மார்களே, கைப்பேசியைக் கண்ணாகக் காக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வேதியியல் தகவல் தளங்களைப் பற்றிப் பேச என்னை ஏன் அழைத்தார்கள்? நான் வேதியியல் படித்தவனா? இல்லை. ஆய்வகம் கண்டவனா? ஒருமுறை கண்டேன், அது தீப்பிடித்தபோது. அந்தத் தளங்களைத் தப்பாகப் படிப்பதில் இந்த மாவட்டத்திலேயே எனக்கு நிகர் எவருமில்லை. அதனால் அழைத்திருக்கிறார்கள்.

சென்ற பௌர்ணமிக்கு முன்தினம். கிரிவலப் பாதையில் கடை வைத்திருக்கும் அருணாதேவி, மஞ்சளிலிருந்து தாமே குங்குமம் செய்து விற்பவர். அதை வாங்கிப் பரிசோதித்த ஒருவர், அதில் கால்சியம் ஹைட்ராக்சைடு இருப்பதாக எனக்குப் போன் செய்தார். பெயரே பயமுறுத்தியது. வேதிப்பொருள்களின் விவரம் தரும் பப்கெம் தளத்தைத் திறந்தேன். அது கட்டணமும் கேட்கவில்லை, கடவுச்சொல்லும் கேட்கவில்லை. மேலேயே அபாயச் சின்னம்: அரிக்கப்படும் ஒரு கை. போதாதா? முக்கியமானதை முதல் பத்தியில் வைத்து, இடமில்லாவிட்டால் வாலை வெட்டுவது எங்கள் பத்திரிகைத் தொழில் வழக்கம். அதே வழக்கப்படி அங்கேயே நிறுத்தினேன். 'நெற்றியில் நஞ்சு' என்று தலைப்பும் கொடுத்தேன்.

மாணவிகள் இப்போதே சிரிக்கிறீர்கள். பொறுங்கள் அம்மா, நான் விழும் இடம் இன்னும் வரவில்லை.

விளக்கம் கேட்கக் கடைக்குப் போனேன். அருணாதேவியின் முகம் வெளுத்தது. "இருக்கற காசையெல்லாம் இந்தக் கடையிலதான் போட்டிருக்கேன். பேப்பர்ல வந்துட்டா நாளைக்கு யாருங்க வாங்குவாங்க? அப்படி என்னத்தைக் கலந்துட்டேன், காட்டுங்க."

காட்டுவதற்காகத்தான் பக்கத்தைக் கீழே இறக்கினேன். வேறு பெயர்கள் என்ற இடத்தில் என் விரல் நின்றது: நீற்றிய சுண்ணாம்பு. மஞ்சளைச் சிவக்கவைக்கும் சுண்ணாம்பு. அப்போது என் வாயில் என்ன இருந்தது? வெற்றிலை. அதில் தடவியிருந்தது? அந்த நஞ்சேதான். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

செய்தியை நிறுத்தச் சொன்னேன். துணை ஆசிரியர் மாறன், "தலைப்பு ஷோக்கா இருந்துச்சேண்ணே" என்று வருந்தினார்.

சின்னம் பொய்யா? இல்லை. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்துதான். எவ்வளவு, எந்த நிலையில், எதனோடு என்று கேட்கவேண்டியவன் நான். உலகத்துப் பொருள்களின் உண்மையெல்லாம் உங்கள் உள்ளங்கையில் காசில்லாமல் திறந்து கிடக்கிறது. திறந்த பக்கத்தை முதல் வரியோடு மூடினால், மூடப்படுவது யாருடைய கடை? படியுங்கள், கடைசிவரை படியுங்கள், அதன்பிறகு அஞ்சுங்கள்!

பௌர்ணமிக் கூட்டத்தில் குங்குமம் முழுதும் விற்றுத் தீர்ந்தது. அருணாதேவி என்னிடம், "அப்பப்போ இந்த மாதிரி எழுதாம இருங்க சார்" என்றார். பேச்சுக்கும் அது பொருந்தும் என்பதால் அமர்கிறேன். சிரித்தவர்களுக்கும் சகித்தவர்களுக்கும் நன்றி, வணக்கம்.