அகல டயரில் கிளம்பிய தாய்மாமன்

ஒரு நிமிஷம்... ஒரு நிமிஷம்... நாற்காலியைத் தூக்கித் தலையில கவுத்தாதீங்க. தூறல்தான். நடு வரிசை அண்ணாச்சி, குடையை மடக்குங்க, பின்னால இருக்கறவருக்கு என் மூஞ்சி தெரியல.

தலைவர் பேசும்போது என்ன சொன்னாரு? "நம்ம வணிகர் சங்க வரலாற்றுலயே இவ்வளவு அகலமான மேடை போட்டதில்ல"ன்னாரு. நீங்களும் கை தட்டுனீங்க. அறுபது அடி மேடை. பதினேழு நாற்காலி. அகலம்னு கேட்டதுமே எனக்கு ஒரு குட்டிக் கதை நாக்கு நுனிக்கு வந்துருச்சு. சொல்லட்டுமா? வேண்டாம்னாலும் சொல்லுவேன், மைக் என்கிட்ட இருக்கு.

வைரவன்னு ஒருத்தர். தேனியில விதைக் கடை. சின்னதா ஒரு கார். ஒரே தங்கச்சி செண்பகம், கம்பத்துல கட்டிக் குடுத்திருக்கு. தங்கச்சி புருஷன் சபாபதி இருக்காரே... நல்ல மனுஷன்தான், வாய்தான் சும்மா இருக்காது. தீபாவளிக்கு வந்தவர், காரை ஒரு சுத்து சுத்தி வந்து பாத்துட்டு, "என்ன மச்சான்... சைக்கிள் டயரைக் கழட்டிக் கார்ல மாட்டிட்டீங்களா?"ன்னுட்டாரு.

முடிஞ்சுது! வைரவனுக்குச் சோறு இறங்கல. ஏன்? அடுத்த மாசம் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. காதுகுத்துன்னா யார் மடியில? தாய்மாமன் மடியில! சபாபதி சொந்தம் பூரா வாசல்ல நிக்கும். இவர் சீர்த்தட்டோட போய் இறங்கணும். எதுல இறங்கறது... சைக்கிள் டயர்லயா?

நேரா டயர் கடை. கடைக்காரர் பேரு தாசன்.

"தாசா, இருக்கறதுலயே அகலமானதா மாட்டு."

"அண்ணே, அது பெரிய வண்டியில கழட்டுன பழசு. பட்டன் பூரா தேஞ்சு மொட்டையா இருக்கு."

பட்டன்னா தெரியுமில்ல? டயர் மேல கட்டம் கட்டமா, நடுவுல பள்ளம் பள்ளமா இருக்கே, அதுதான்.

"மொட்டையா இருந்தா என்னடா? அகலமா இருக்குல்ல? அகலமா இருந்தா ரோட்டைக் கப்புனு பிடிக்கும்ல?"

"காஞ்ச ரோட்டுல பிடிக்கும்ணே, இல்லைங்கல. மழை பெஞ்சா? ஒல்லி டயர் தண்ணியை வகுந்துட்டுப் போயிரும். அகல டயர் அம்புட்டுத் தண்ணியையும் ஒதுக்கணும். தண்ணி வெளியேறத்தான் அந்தப் பள்ளம். அகலமும் இருந்து பள்ளமும் இல்லைன்னா... வண்டி ரோட்டுல ஓடாதுண்ணே. தண்ணிமேல மிதக்கும்."

"நீ மாட்டுறா!"

மாட்டியாச்சு. வண்டியைத் திருப்பினா டயர் மட்கார்டுல உரசுது... சர்ர்ர்னு. அதுகூட அவருக்கு மேளச் சத்தமாக் கேட்டுச்சாம்!

கார்த்திகை மாசம். காதுகுத்து அன்னைக்குக் காலையில நல்ல மழை. பக்கத்துல சம்சாரம் கல்யாணி, மடியில சீர்த்தட்டு, தட்டுல குழந்தைக்குத் தங்கத் தோடு. வண்டி எம்பதுல போகுது. கம்பத்துக்குக் கொஞ்சம் முன்னால, ஒரு பள்ளமான இடத்துல தண்ணி தேங்கி நிக்குது. உள்ள விட்டார்... அவ்வளவுதான். ஸ்டியரிங் லேசாயிருச்சு. இந்தப் பக்கம் திருப்பறார், வண்டி அந்தப் பக்கம் போகுது. பிரேக்கை மிதிக்கறார், மிதிச்சது வண்டிக்கே தெரியல. ஒண்ணரைச் சுத்து சுத்தி, பின்பக்கமாப் போய் வயல்ல இறங்கிருச்சு.

எதிர்ல லாரி வரல. வந்திருந்தா... இந்தக் கதையை நான் சிரிச்சுக்கிட்டுச் சொல்லமாட்டேன்.

நல்லவேளை, ரெண்டு பேருக்கும் அடி இல்ல. அப்புறம் கல்யாணி வாயைத் திறந்தாங்க.

"ஏங்க... நீங்க வந்து இறங்கறதை எல்லாரும் பாக்கணும்னீங்களே... அந்தா, நாலு கொக்கு பாக்குது, இறங்குங்க."

இறங்கினார், முழங்கால் வரைக்கும் சேறு. "நான் வண்டிகிட்ட நிக்கறேன். நீங்க ஓடுங்க, பிள்ளை உங்க மடிக்குக் காத்திருக்கும்"னு தட்டைக் கையில குடுத்தாங்க.

அங்க கம்பத்துல என்ன நடக்குது? ஆசாரி ஊசியோட உக்காந்திருக்கார். நல்ல நேரம் முடிய இன்னும் பத்து நிமிஷம். சபாபதியோட அண்ணன் சம்மணம் போட்டு உக்காந்து, "கொண்டா பிள்ளையை, என் மடியும் மடிதானே?"ங்கறார். செண்பகம் பிள்ளையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "எங்கண்ணன் வருவாரு... எங்கண்ணன் வருவாரு"ன்னு அழுதுக்கிட்டே நிக்குது.

வந்தார்யா அண்ணன்! எதுல? பால்காரர் மொபெட்ல! முன்னால பால்காரர், ரெண்டு பக்கமும் பால் கேன், பின்னால தட்டைத் தலைமேல வச்சுக்கிட்டுத் தாய்மாமன். அந்த மொபெட் டயர் எவ்வளவு அகலம்? மூணு விரக்கடை! ஆனா புதுசு. அத்தனை மழைக்கும் ஆடாம அசையாமக் கொண்டாந்து சேத்துருச்சு.

சபாபதி விடுவாரா? "என்ன மச்சான்... டயர் இன்னும் இளைச்சுப் போச்சு?"

வைரவன் சொன்னார், "இளைச்சதுதான் மாப்ள என்னை உயிரோட கொண்டாந்துச்சு"ன்னு. சொல்லும்போதே அழுதுட்டார். சபாபதி வாய் அன்னைக்குத்தான் முதல் தடவையா மூடுச்சு. குழந்தையை மடியில வச்சாங்க. ஊசி பக்கத்துலயே வரல, அதுக்குள்ள வீல்னு கத்துச்சு... மாமன் மூஞ்சியில அவ்வளவு சேறு!

சிரிக்கறீங்க. ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. வைரவன் தன் உயிரையும் சம்சாரம் உயிரையும் எதுமேல வச்சு ஓட்டினார்? டயர் மேலயா? இல்லைய்யா... சபாபதி வாய்மேல! நம்ம மட்டும் என்ன ஒழுங்கு? எவனோ ஒருத்தன் போற போக்குல சொன்னதுக்காகக் கடையை அகலமாக்கறோம், கல்யாணத்தை அகலமாக்கறோம், மேடையை அகலமாக்கறோம். வெயில் அடிக்கிற வரைக்கும் எல்லாம் ஜோரா இருக்கும். மழை வந்தா என்ன பண்ணப்போறோம்னு யோசிச்சோமா?

எங்க... மேடையைக் கொஞ்சம் பாருங்க. பதினேழு நாற்காலி இருந்துச்சே... இப்ப எத்தனை பேர்? ஒருத்தர்! மைக்செட்காரர்! அவரும் என் பேச்சுக்காக நிக்கல, ஆம்ப்ளிஃபயர் நனையுதேன்னு நிக்கறார்.

நீங்க நனைஞ்சுக்கிட்டே உக்காந்திருக்கீங்க, நல்லா இருங்க. ரோடெல்லாம் ஈரம். வண்டி எடுக்கறதுக்கு முன்னால குனிஞ்சு டயரைப் பாருங்க. அகலத்தைப் பாக்காதீங்க, பள்ளம் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா வண்டியை இங்கயே விட்டுட்டு பஸ்ல போங்க. எவன் சிரிச்சாலும் சிரிக்கட்டும்... உங்க மடிக்குத்தான் வீட்டுல ஒரு பிள்ளை காத்துக்கிட்டிருக்கு.