நீலச் சட்டைக்காரன்

கால கொஞ்சம் அந்தாண்ட வெச்சுக்கோங்க மேடம், கீழ தூக்கு கீது. இல்ல இல்ல, நவுத்தாதீங்க, அங்கயே இருக்கட்டும். மூடி லூசு. பள்ளத்துல எறங்குனா ஊத்திக்கும், அதான் துணி சுத்தி வெச்சிருக்கேன்.

இன்னா கேட்டீங்க, கோல் கீப்பர் அஸ்கர் ஊடா? தெரியுமே. கரையான்சாவடில மெயின் ரோட்ட வுட்டு உள்ள போவணும். ஆவடிலேர்ந்து நேரா அங்கதான் வுடறேன். நோன்பு மாசம், இந்த நேரத்துல ரோடு கொஞ்சம் கூட்டமாத்தான் இருக்கும்.

ஓ, பேப்பர்லேர்ந்து வர்றீங்களா. இங்கிலீஷ் பேப்பரா. அப்ப அந்த மேச்சு நியூஸ எழுதுனது நீங்கதானா?

ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. லாரி குறுக்க வந்துச்சு, அதான் பிரேக் அடிச்சேன். தூக்கு சாயலையே?

தெரியும் மேடம், எனக்கு இன்னா இங்கிலீஷா தெரியும், எம் பொண்ணு அருள்மொழி படிச்சு காமிச்சுது. காலேஜ்ல இங்கிலீஷ்தான் எடுத்து படிக்குது. ஒரு வரி படிக்கும், தமிழ்ல சொல்லும். சூப்பரா எழுதிருக்காங்கப்பா, ஒரு வரி அடுத்த வரிய கைய புடிச்சு இஸ்துகினு போவுதுன்னுச்சு. நெசமாத்தான் சொல்றேன், உங்கள புகழ்ந்துச்சு.

எனக்குத்தான் மொதல்ல எத்தினி பேருன்னே புரியல. அஸ்கர்னு எழுதுறீங்க. அடுத்த வரில கோல் கீப்பர்ன்றீங்க. அப்பால பூந்தமல்லி இளைஞர். இவங்கள்லாம் யாரும்மான்னு கேட்டேன். எல்லாம் ஒரே ஆளுதாம்பா, ஒரே பேர திருப்பித் திருப்பி போட்டா படிக்கறவங்களுக்கு சலிச்சிடும்னுச்சு. சரிதான். ஒரே கொழம்ப மூணு வேளையும் ஊத்துனா நானும்தான் தட்ட தள்ளிடுவேன்.

ஆளுக்குப் பேரு மாத்துனீங்க, ஓகே. நடந்ததுக்கும் மாத்திகினே போயிட்டீங்களே மேடம். ஆப் டைம்ல ரூமுக்கு வெளிய, நீலச் சட்ட போட்ட அடையாளம் தெரியாத ஒருத்தரோட அஸ்கர் பேசினார், அவர் கைல துணி சுத்துன பார்சல் இருந்துச்சுன்னு ஆரம்பிச்சீங்க. அடுத்த வரில அந்தப் பேச்சு சந்திப்பு ஆயிடுச்சு. அப்பால சம்பவம். கடைசில விவகாரம். நடந்தது ஒண்ணே ஒண்ணுதான். நிக்கற வண்டில மீட்டர் ஏர்ற மாதிரி அது பாட்டுக்கு ஏறிகினே போவுது.

அந்த விவகாரத்துக்கு ஒட்டுனாப்ல, அதன் பிறகு அவர் மூணு கோல் வுட்டார். அவ்ளோதான் எழுதுனீங்க. காசு வாங்குனான்னு எங்கயும் எழுதல. ஆனா கேக்கறவனுக்கு வேற எதுவும் தோணாது.

பொய்யின்னு நான் சொல்லவே இல்ல. பேசுனானா, பேசுனான். மூணு கோல் போச்சா, போச்சு. நடுவுல இவங்க டீம் உத்தமனுக்கு ரெட் கார்டு குடுத்து வெளிய அனுப்பிட்டாங்க, கோலுக்கு முன்னாடி மலையாட்டம் நிக்கற பையன். அவன் போனப்பறம்தான் மூணும் வுழுந்துச்சு. அதுவும் நியூஸ்ல கீது. எங்க கீது? எல்லாம் முடிஞ்சு கடைசில, யாருக்கும் சொந்தமில்லாத மாதிரி தனியா கீது.

அந்த வரிய ஆபீஸ்ல எடம் மாத்திப் போட்டுட்டாங்களா. இருக்கும். மேல பேரு உங்களுதுதான போட்டாங்க.

கோவம்லாம் இல்ல மேடம். அன்னிக்கு அத்த கேட்டப்ப எனக்குக் கோவம் வந்தது வேற ஆளு மேல. அந்த நீலச் சட்டக்காரன் எவன்டா, கைல கெடச்சான் பல்ல ஒடச்சிடுவேன், நல்லா இருந்த புள்ளய கெடுத்துட்டானேன்னு ஊடு அதிர கத்திட்டேன்.

ஓ, அவனத் தேடித்தான் வந்தீங்களா. கெடைப்பான், கெடைப்பான்.

நாளைக்கு அஸ்கருக்கு கம்பெனில என்கொயரி, தெரியும் இல்ல? டீமுக்கு ஆடத்தான் அவன இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனில வேலைக்கே எடுத்தாங்க. இந்த வருசம் பர்மனென்ட்டுனு சொல்லிகினு இருந்தாங்க. இப்ப கேட்டாண்டயே வுட மாட்றாங்க. மேச்ச வித்துட்டான்னு முடிவு பண்ணிட்டாங்கன்னா வேலையும் போச்சு, இனிமே எவனும் டீம்ல சேத்துக்க மாட்டான். பயமா கீது மேடம். அந்தப் பையன் சோறு தண்ணி எறங்காம ஒக்காந்துகினு கீறான்.

வாயத் தொறந்தா முடிஞ்சிடும். தொறக்க மாட்டேங்கறான். கோச்சு ஞானசேகரன் சாரு முன்னாடியே சொல்லிட்டாரு, நோன்பு வெச்சிகினு எவனும் எறங்கக் கூடாது, மயங்கி வுழுந்தா யாரு பதில் சொல்றதுன்னு. இவன், நோன்பு இல்ல சார்னு சொல்லிட்டு எறங்கிட்டான். இப்ப உண்மைய சொன்னா கோச்சுகிட்ட பொய் சொன்னவன் ஆயிடுவான். அவங்கம்மா ரைஹானாக்கா காதுக்குப் போச்சுன்னா, எம் புள்ள நோன்பு இல்லன்னு வாயால சொல்லிச்சான்னு அழுதே தீத்துடும். அதுவும் இல்லாம, நோன்பு எனக்கும் மேல கீறவனுக்கும் நடுவுல, அத்த காட்டி வேலைய கேக்க மாட்டேன்றான்.

எனக்கு எப்டித் தெரியுமா? இருங்க, ஓரங்கட்டறேன். இதான் சந்து, வண்டி உள்ள போவாது.

ஒரே புழுக்கம். இந்தக் காக்கி டூட்டிக்காக மேல மாட்டிக்கறது. உள்ள எப்பவும் சொந்தச் சட்டதான். பாருங்க. இன்னா கலர்?

ம். நானேதான். அவன் ஊடும் என் ஊடும் ஒரே செவுரு. ஆவடி பள்ளிவாசலுக்கு எதிர்லதான் நம்ம ஆட்டோ ஸ்டாண்டு, தெனம் அவங்க ஊட்டுக்குக் கஞ்சி வாங்கியாறது நான்தான். அன்னிக்கு லைட்டு போட்டு ஆடுன மேச்சு, ஆப் டைமும் நோன்பு தொறக்கற பாங்கும் ஒண்ணா வந்துச்சு. ரெண்டு பேரீச்சம்பழம், ரெண்டு வாய் கஞ்சி. அவ்ளோதான் உங்க விவகாரம்.

நான் கத்துனப்ப பேப்பர் படிச்சிகினு இருந்த அருள்மொழி தலைய தூக்கி என் சட்டைய பாத்துச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது, நான் பல்ல ஒடைக்கறேன்னு கத்துனது என்னத்தான்னு. தூக்கு எத்துகினு போனவன் நானு. நீங்க எழுதுனத கேட்டு எனக்கே என்ன தெரியல மேடம். ஊர்க்காரனுக்கு எப்டித் தெரியும்.

யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவன்கிட்ட சத்தியம் பண்ணியிருந்தேன். ஒடச்சிட்டேன். அவன் திட்டட்டும், பரவால்ல.

எறங்குங்க. அந்தத் தூக்க நீங்களே எத்துகினு போங்க, துணியோட புடிங்க, சூடா கீது. மூணாவது கதவு. பாங்கு சொல்லப் போறாங்க, மொதல்ல குடிக்கட்டும், அப்பால பேசுங்க. தூரத்துலேர்ந்து எவனாவது பாத்தான்னா, பச்சச் சுடிதார் போட்ட ஒருத்தர்னு எழுதிக்கட்டும்.

எம் பேரா? தேவராஜ். நாளைக்கு என்கொயரிக்கு நானும் வர்றேன், காக்கி போடாம.