சமைத்தவளின் தட்டு

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் டாக்டர் மெல்னிக் அவர்களே, கண் கலங்கி அமர்ந்திருக்கும் ஃப்ரீசன் குடும்பத்தாரே, சாப்பிட மறுக்கும் நோய்க்கான எங்கள் சிகிச்சைப் பிரிவுக்குப் பிள்ளைகளாக வந்து இன்று வளர்ந்து நிற்கும் இளைஞர்களே, வணக்கம்!

லோர்னா ஃப்ரீசன் அம்மையார் மறைந்துவிட்டார். அழத்தான் வந்தோம். ஆனால் இந்த வினிபெக் அரங்கைப் பாருங்கள்! சாப்பாட்டைக் கண்டு நடுங்கிய பிள்ளைகள் இன்று கைக்குழந்தைகளோடு வந்திருக்கிறார்கள். சாவு ஜெயித்த இடமா இது? லோர்னா ஜெயித்த இடம்!

அவர் மருந்து கொடுத்தவர் அல்லர், செயல்வழிச் சிகிச்சையாளர். கடைக்குப் போவது, சமைப்பது, நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்று, நோய் பறித்துக்கொண்ட அன்றாட வாழ்க்கையைப் பிடுங்கி மீட்டவர்.

பிரென்னாவின் அனுமதியோடு இதைச் சொல்கிறேன். எங்கள் பிரிவில் சேர்ந்திருந்த அவளுக்கு அப்போது பதினாறு வயது. மூக்கு வழியே உணவு செலுத்திய குழாயை எடுத்திருந்தோம். வாயால் சாப்பிட்டால் வீடு. இல்லையென்றால் மறுபடியும் குழாய். அன்று எங்கள் அடுப்படியில் கொழுக்கட்டை போல உருளைக்கிழங்கு அடைத்த பெரோகி செய்து, வெங்காயம் வதக்கிப் போட்டு, எல்லோருக்கும் பரிமாறினாள். என்ன கைமணம்! தலைவர் கைதட்டினார். கோபித்துக்கொள்ளாதீர்கள் டாக்டர், படம்கூட எடுத்தீர்கள்! "பொண்ணு தேறிட்டா" என்றீர்கள்.

லோர்னா கைதட்டவில்லை. ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட வைத்து, ஆக்கியவளை மட்டும் பட்டினி போடுவது அந்த நோயின் தந்திரம் என்று அவருக்குத் தெரியும்.

"எல்லாருக்கும் தட்டு இருக்கு. உன் தட்டு எங்க, கண்ணு?"

"சமைக்கிறப்பவே வாசனையில வயிறு ரொம்பிடுச்சு, லோர்னா."

"அப்படியா? இது தெரியாம நான் தினமும் டப்பா கட்டிக்கிட்டு வர்றேனே!"

பிரென்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லோர்னா இரண்டு தட்டிலும் ஒரே அளவு போட்டு, அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பயமா இருக்கு."

"தெரியும்மா. பயத்தோடயே சாப்பிடு. நான் எங்கயும் போகல."

பெரோகி ஆறியது. லோர்னா வீட்டுக்குப் போகவேண்டிய பஸ்ஸும் போய்விட்டது. அவரோ நம் ஹாக்கி அணி தோற்றதற்கு ஆட்டக்காரர்களைத் திட்டிக்கொண்டே, மெல்ல மெல்லச் சாப்பிட்டார். பிரென்னா முள்கரண்டியை எடுத்தாள். அழுதாள், சாப்பிட்டாள். தட்டு காலியானது! ஒரே தட்டில் நோய் ஓடிவிடவில்லை. மறுநாளும் அதே நாற்காலி, அதே இரண்டு தட்டு. பிரென்னா குழாய் இல்லாமல் வீட்டுக்குப் போனாள்.

அந்த நாற்காலியைக் காலியாக விடுவோமா? விடமாட்டோம்! பயந்த பிள்ளையைத் தனியே சாப்பிட விடுவோமா? விடவே மாட்டோம்! இது லோர்னாவுக்கு நாம் தரும் வாக்கு.

நண்பர்களே, பின்கூடத்தில் நமக்கெல்லாம் பெரோகி செய்து வைத்திருப்பவள் பிரென்னாதான். ஆகவே அம்மையாரின் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் இறங்குவேன். பிரென்னா! எல்லாருக்கும் தட்டு இருக்கு. உன் தட்டு எங்கம்மா?

கேட்டீர்களா அவள் பதிலை? "ஒரு தட்டு முடிச்சு ரெண்டாவதும் போட்டாச்சு! நீங்க பேச்சை முடிங்க, ஆறிப்போகுது!"

முடித்துவிட்டேன், தாயே!