கை யாருது, காது யாருது

…அடிங்கண்ணே, ஹாரனை நல்லா அடிங்க! கூச்சப்படாதீங்க. பச்சை விழுந்து எவ்வளவு நேரமாச்சு, அந்தக் கார்க்காரன் அசையறானா பாருங்க. குனிஞ்சு மடியில எதையோ பாத்துச் சிரிக்கிறான். மடியில என்ன, கொழந்தையா இருக்கு? போன்! இவனை எல்லாம் எவனும் புடிக்கமாட்டான். எங்க வீட்டுக்காரரைன்னா மட்டும் ஓடி வந்து புடிப்பாங்க. ம்… போயிட்டான். போங்க, போங்க. ஆபரேஷன் ஆரம்பிக்கறதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் பச்சைத் துணி போயாகணும். இன்னொரு நாள் லேட் ஆச்சுன்னா வேற சலவைக்கடையைப் பாத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க. சொன்னது யாரு தெரியுமா? ஹெட் நர்ஸ். அந்தம்மா சிரிச்சுக்கிட்டேதான் சொல்லும், ஆனா சொன்னா சொன்னதுதான்.

ஏண்ணே, நீங்க எப்பவுமே இப்படித்தானா? ஒரு "ம்" கூடக் கெடையாதா? பஸ் ஓட்டி ரிட்டையர் ஆன ஆளு, பொறுமைசாலின்னு சொன்னாங்க, சரி. ஊமைன்னு யாரும் சொல்லலியே! …என்ன, தலைக்கு மேல கையைக் காட்டறீங்க? ஓ, பஸ்ல எழுதிப் போட்டிருப்பாங்களே, டிரைவர்கிட்ட பேச்சுக் குடுக்கக்கூடாதுன்னு, அதுவா? அது டிக்கெட் வாங்கினவங்களுக்குண்ணே. நான் மொதலாளி பொண்டாட்டி.

உங்களுக்கு முன்னாடி வந்தவன் நாலு நாள்ல நின்னுட்டான். காதுல ஏதோ இரையுதாம். அதுக்கு முன்னாடி வந்தவன் காரணமே சொல்லல, சாவியைக் கடையில குடுத்துட்டுக் கும்பிடு போட்டுட்டுப் போயிட்டான். இந்தக் காலத்துல எவனுக்கு வேலை செய்ய மனசு இருக்கு, சொல்லுங்க… சைடுல ஆட்டோ வருது. தெரியுதா? தெரியுதுன்னு தலையாட்டுங்களேன், என்ன கொறைஞ்சுடும்?

எங்க வீட்டுக்காரர் மாதிரி வருமா! கல்யாணம் ஆன நாள்ல இருந்து இந்த வண்டி சீட்டுல ஒக்காந்தவர். ஒரு கீறல் கெடையாது. இப்ப வீட்டுல போர்வை மடிச்சுக்கிட்டு இருக்காரு. லைசென்ஸை ஆறு மாசம் புடுங்கிட்டாங்க. காலையில எந்திரிச்சதும் வண்டியைத் தொடைக்கிறாரு, கண்ணாடியைச் சரி பண்றாரு, அப்புறம் எறங்கி உங்ககிட்ட சாவியைக் குடுக்கறாரு. பாத்தீங்கல்ல இன்னிக்கு? குடுத்தப்புறமும் கொஞ்ச நேரம் கை நீட்டினபடியே நின்னாரு. நான் பாக்காத மாதிரி உள்ள போயிட்டேன்.

அது மட்டுமா, வாரா வாரம் வகுப்புக்கு வேற போகணும். மீசை மொளைக்காத பசங்களோட பெஞ்சுல ஒக்காந்து, ரோட்டைப் பாத்து ஓட்டறது எப்படின்னு பாடம் கேக்கறாரு. நசுங்கின வண்டிங்களை எல்லாம் படமா போட்டுக் காட்டுறாங்களாம். மொத நாள் வந்து சோத்துல கையே வைக்கல. இன்சூரன்ஸ்காரங்க வேற, போன் பேசிக்கிட்டே ஓட்டினதுக்கு நாங்க எதுக்கு அழணும்ங்கற மாதிரி ஒரு பதில். இன்னொரு தடவை புடிபட்டா நேரா உள்ளதான்னு கோர்ட்டுல சொல்லியாச்சு. உள்ள! எங்க வீட்டுக்காரர்! எறும்பு போனாக்கூட பிரேக் போடற மனுஷன்!

இத்தனைக்கும் அவர் போனைத் தொடவே இல்லண்ணே. சத்தியமா! நான்தான் இங்க, இதே எடத்துல ஒக்காந்திருந்தேன். லாட்ஜ் மேனேஜர் கூப்பிட்டாரு. தலையணை உறை கொறையுதாம், ஒரே கத்தல். இவரு ஓட்டும்போது போன் எடுக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? அதுக்குத்தானே நான் எடுத்தேன். எடுத்து அவரு காதுல வச்சுப் புடிச்சேன். ரெண்டு கையும் ஸ்டியரிங்ல, பேச்சும் ஆகுது, வேலையும் ஆகுது. ரொம்ப நாளா இதுதான் எங்க ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதானே? …ஏண்ணே அப்படிப் பாக்கறீங்க? ரோட்டைப் பாருங்க.

அப்பத்தான் அந்த சைக்கிள். எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல! தையல்காரர் ஒருத்தர். தோள்பட்டை எலும்பு போச்சு, பாவம். வலது பக்கம், கத்திரி புடிக்கிற கை. பழம் வாங்கிக்கிட்டுப் பாக்கப் போனேன். திட்டுவாரு, கேட்டுக்கலாம்னு போனேன். அவரு திட்டல. "அவ்வளவு அவசரமா என்னம்மா பேச்சு?"ன்னு கேட்டாரு. நான் என்ன சொல்றது? "தலையணை உறை"ன்னேன். அவரு சம்சாரம் என்னை ஒரு பார்வை பாத்துச்சு. பழத்தை வச்சுட்டு வந்துட்டேன்.

கோர்ட்டுல நம்ம வக்கீலுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். போன் இருந்தது என் கையில, அவரு கையில இல்ல, அப்புறம் எப்படி அவரு மேல கேஸுன்னு கேளுங்கன்னு. நல்ல பாயிண்டுதானே? வக்கீலும் எந்திரிச்சுக் கேட்டாரு. நீதிபதி ஒரு அம்மா. கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, "கை யாருதா இருந்தா என்ன, காது அவருதுதானே?"ன்னுச்சு. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. எங்க வீட்டுக்காரர்கூட சிரிச்சாரு. நான் மட்டும்தான்…

இருங்க, போன் அடிக்குது. அவருதான்! …ஹலோ, சொல்லுங்க. பாலத்துக்கிட்ட. ம்… ம்… அதை எங்கிட்ட சொன்னா எனக்கென்ன புரியும், டிரைவரண்ணன்கிட்டயே சொல்லுங்க. அண்ணே, ஆஸ்பத்திரிப் பின் வாசல்ல எப்படித் திருப்பறதுன்னு சொல்லணுமாம். நீங்க கையை எடுக்காதீங்க, நான் காதுல வைக்கிறேன்…

ஏண்ணே ஓரம் கட்டறீங்க? இது பாலம்ணே, இங்க நிறுத்தக்கூடாது… சரி, எறங்கின ஓரத்துல நிறுத்தறீங்களா. எதுக்கு? டயரா? என்ன, சாவியை எங்கிட்ட குடுக்கறீங்க? அண்ணே! அண்ணே, கதவை… எங்க போறாரு இந்த மனுஷன்?

ஏங்க, கேக்குதா? எறங்கிட்டாருங்க. நடந்து போறாரு. நான் ஒண்ணுமே பேசலைங்க! …நீங்க வரேன்னு சொல்லாதீங்க. வந்து என்ன பண்ணப் போறீங்க, ஸ்டியரிங்கைத் தொட்டா உள்ளதான். வேணாம். சொல்றேன்ல, வேணாம். போனை வைங்க.

அண்ணே! டிரைவரண்ணே, நில்லுங்க! இந்தச் செருப்பு வேற… இந்தாங்க, பாருங்க, போனை அணைச்சுட்டேன். கருப்பா இருக்கு பாருங்க. உங்க கால்ல விழுந்தாலும் விழுவேன், அந்த ஹெட் நர்ஸ் கால்ல விழ முடியாது. வாய்? சரி, வாயையும் மூடிக்கறேன். நம்பலையா? நியாயந்தான், எங்க அம்மாவே நம்பமாட்டாங்க. அப்ப ஒண்ணு பண்றேன். நான் பின்னால துணி மூட்டைங்களோட ஒக்காந்துக்கறேன். நடுவுல தகரம் இருக்கு, இடி இடிச்சாலும் உங்களுக்குக் கேக்காது. போனை வேணா நீங்களே வச்சுக்குங்க. …அட, சிரிக்கக்கூட வருமா உங்களுக்கு? இந்தாங்க சாவி.

கதவை நல்லா சாத்துங்கண்ணே. ஆங், போதும்.

அப்பாடா… கெளம்பிட்டாரு. மெதுவாத்தான் எடுக்கறாரு, நல்ல கை. நகரு, மூட்டை, நானும் கொஞ்சம் சாஞ்சுக்கறேன். சூடாவே இருக்கியே, இப்பத்தான் இஸ்திரி போட்ட மாதிரி. அவரு போட்டதுதான். மடிப்பைப் பாரு, கத்தி மாதிரி.

உங்கிட்ட சொன்னா என்ன, நீ யாருகிட்ட போய்ச் சொல்லப் போறே. அந்த சைக்கிள் எங்கிருந்தோ வரல. என் கை நீட்டியிருந்த பக்கமாத்தான் வந்துச்சு. அவரு ரெண்டு தடவை சொன்னாரு, "கையை எடு, அந்தப் பக்கம் தெரியல"ன்னு. நான் எடுக்கல. மேனேஜர் போனை வச்சுடுவாருன்னு இன்னும் கிட்டக் கொண்டுபோனேன்.

கோர்ட்டுல அதை அவரு சொல்லவே இல்ல. வீட்டுலயும் சொல்லல. எங்கிட்டகூட.