பல்லுக்கு முன்னால் இருக்கும் மேடு

ஐயா, மரம் அறுக்கும் மெஷினில் தூள் மாவு மாதிரி விழுந்தால் செயின் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். சீவல் சீவலாக விழுந்தால் கூர் சரியாக இருக்கிறது. இதற்கு மெக்கானிக் வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும். கச்சிராயபாளையம் ரோட்டில் பதினெட்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். மலையிலிருந்து ரிப்பேருக்கு இறங்கும் மெஷின்களில் பாதி என் மேசைக்குத்தான் வரும். எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் இந்த வாக்குமூலத்தை நானே எழுதிக் கொடுக்கிறேன்.

தங்கதுரை என் தங்கை கண்ணகியின் புருஷன். மரம் வெட்டுகிறவன், நல்ல உழைப்பாளி. ஆனால் மெஷினைப் பேணத் தெரியாது. செயினை மண்ணில் படவிடுவான். எண்ணெய் வரும் துளை அடைத்து, செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான 'பார்' புகைகிற வரைக்கும் ஓட்டுவான். அவ்வப்போது பாரைத் திருப்பிப் போடு, இல்லாவிட்டால் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்து அறுப்பு கோணலாகப் போகும் என்று நூறு தடவை சொல்லியிருப்பேன்.

போன ஆடியில் கண்ணகியின் முழங்கைக்கு மேலே கன்றிப்போன தடம் ஒன்றைப் பார்த்தேன். "மாடு முட்டிச்சிண்ணா" என்றாள். எந்தப் பெண் புருஷனைக் காட்டிக்கொடுப்பாள்? அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அண்ணன் என்று ஒருவன் பிறகு எதற்கு இருக்கிறான்?

அதற்கு முந்தின நாள் டீக்கடையில் நாலு பேர் முன்னால் தங்கதுரை ஒன்று சொன்னான். இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லை, நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். "இன்னா மச்சான், கை போயிட்ச்சா? நீ தீட்டுன செயினு கோணலா போவுது. இனிமே சின்னசேலத்துலயே குடுத்துக்கறேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோளாறு அவன் பாரில் இருந்தது. பழி என் அரத்தின்மேல் விழுந்தது.

நானே அவன் வீட்டுக்குப் போய் மெஷினை எடுத்துவந்து புது பார் போட்டேன். செயினில் ஒவ்வொரு பல்லுக்கு முன்னாலும் ஒரு சின்ன மேடு இருக்கும். பல் ஒரு கடிக்கு எவ்வளவு மரம் எடுக்கலாம் என்பதை அதுதான் மட்டுப்படுத்தும். அதை அரத்தால் ராவிவிட்டால் பல் அளவில்லாமல் கடிக்கும். பாரின் முனை எதிலாவது பட்டால் மெஷின் ஆள்மேலேயே துள்ளும். துள்ளினால் செயினை நிறுத்தும் பிரேக்கை அவனே எப்போதோ கழற்றி எறிந்திருந்தான். எவ்வளவு ராவினேன் என்று எழுத மாட்டேன், அது தொழில் தர்மம் இல்லை. எல்லா மேடும் ஒரே மட்டம் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.

மறுநாள் அவன் காற்றில் சாய்ந்த புளியமரம் ஒன்றின் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தான். நானும் போயிருந்தேன். தீட்டிக் கொடுத்தது எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டாமா? "மச்சான், இன்னாமா போவுது பாரு. உன்ன அடிச்சிக்க ஆளே இல்ல" என்று கத்தினான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நிறுத்தச் சொல்ல நேரமும் இருந்தது. அதற்குப் பிறகு மூன்று கிளை அறுத்தான். நாலாவதில் முனை பட்டது. மெஷின் எழும்பிக் கழுத்தின் இடப்பக்கம் இறங்கி, தோள் எலும்பில் போய் நின்றது.

சாப்பாடு கொண்டுவந்த கண்ணகி தூக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்து இரண்டு கையாலும் அவன் கழுத்தை அழுத்தினாள். விரல் இடுக்கில் ரத்தம் பீய்ச்சி அவள் முகத்தில் அடித்தது. "அண்ணா, துணி குடுண்ணா, துணி" என்று அலறினாள். என் கையில் துணி இருந்தது. நான் மெஷினை எடுத்து வைத்துப் பாரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ரத்தம் காய்ந்தால் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு செயின் நகராது. அவள் முந்தானையைக் கிழிப்பதற்குள் அவன் கால் உதைப்பது நின்றுவிட்டது.

கண்ணகி இன்னும் என்னோடு பேசவில்லை. யாருக்காகச் செய்தேன் என்று ஒருநாள் புரிந்துகொள்வாள். காரியத்துக்குப் போயிருந்தபோது அவர்கள் வீட்டு மாடு என்னையும் முட்டியது. முட்டுகிற மாடுதான். அதனால் என்ன, அவன் அடித்திருக்கவும் கூடும்.

விபத்து என்று எழுதி முடித்த வழக்குக்கு நான் ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். மனசு உறுத்தியது என்று போட்டுக்கொள்ளுங்கள். தங்கதுரையைக் கொன்றது நான்தான், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். உங்கள் அறிக்கையில் 'மெக்கானிக் மாயவன் செயினைச் சரியாகத் தீட்டாததால்' என்று ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் அடித்துவிடுங்கள்.