பீரோவுக்குப் பின்னால்

காலை ரயில், பெண்கள் பெட்டி. பல்லாவரத்தில் ஏறிய இருவர் என் இருக்கையை ஒட்டி நின்று பேசிக்கொண்டு வந்தார்கள்.

“பீரோவை நகர்த்தினதே என் பொண்ணுதான்க்கா,” என்றாள் இளையவள்.

“எந்த பீரோவைடி?”

“அவ வெளிநாட்டுல படிக்க அனகாபுத்தூர் வீட்டை வச்சு லோன் கேட்டிருந்தோம்ல. மதிப்புப் போட பேங்க்லேர்ந்து ஆள் வந்தாரு. சுவத்துல வெள்ளத்தண்ணி நின்ன கறை, எவ்ளோ பெயிண்ட் அடிச்சாலும் தெரியுது. அதான் பீரோவை வச்சு மறைச்சிருந்தோம்.”

“ஐயோ, பாத்துட்டாரா?”

“இல்லக்கா. எல்லாம் எழுதிட்டு செருப்பு மாட்டப் போயிட்டாரு. இவதான் கூப்பிட்டு, ‘சார், இதையும் பாருங்க’ன்னு பீரோவைத் தள்ளிக் காட்டினா. இப்ப, கேட்டதுல பாதிகூட வராதாம்.”

“அட்மிஷன் கிடைச்ச பொண்ணு பண்ற வேலையா இது? நீ சும்மாவா விட்ட?”

“அடிக்கவே கையை ஓங்கிட்டேன். ‘அங்க எனக்கு வேலை கிடைக்கலன்னா இந்த வீடு போயிடும். அப்புறம் நீங்க எங்கம்மா போவீங்க?’ன்னு கேக்குறா.”

மீனம்பாக்கம் வந்து போனது.

“அப்புறம்?” என்றாள் மூத்தவள்.

“அப்புறம் என்ன? ரெண்டு பேருமா பீரோவைப் பழையபடி கறையை மறைச்சே தள்ளி வச்சோம்.”